பிஸ்கட் டின் சொன்ன வார பலன்

என் மச்சானைப் பற்றி எழுத நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பத்திரிகை என்னுடையது, மெஷின் என்னுடையது, காகிதம் என்னுடையது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய அச்சகத்தில் மை துடைக்கும் துணியைக் கையில் பிடித்து வாழ்க்கையைத் தொடங்கியவன் நான். இன்று சொந்த அச்சகம், சொந்த வாரப் பத்திரிகை. எனக்குப் பிறகு, நன்றாகப் படித்தவர்கள் நான்கு பேர் இதே ஊரில் பத்திரிகை தொடங்கினார்கள். நான்கும் மூடியாகிவிட்டது. என்னுடையது ஒரு வாரம்கூட நின்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை என்பதால் சொல்கிறேன். பெருமையும் கொஞ்சம் உண்டு.

ஆனால் அந்த வருடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் கை கொஞ்சம் கூசுகிறது. எதற்கும் கூசாத கை இது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. தாயில்லாத பிள்ளை. என் மனைவிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அவனுமாகத்தான் வந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த இடத்தையும் அவனே எடுத்துக்கொண்டான். படிக்க வைத்தேன். நான் படிக்காத படிப்பையெல்லாம் அவன் படித்தான், குடிநீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஊரின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் வரும். அதில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதுவது அவன் உத்தியோகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வந்த சாம்பிள் எதுவும் தேறலை அத்தான்" என்பான். எந்தப் பெண்ணிடமும் இவன் தேறவில்லை என்பதுதான் உண்மை. அதை அவன் அக்கா சொல்ல விடமாட்டாள்.

என் பத்திரிகையில் அவன் வாராவாரம் ஒரு பத்தி எழுதினான். 'சோதனைக் குழாய்' என்று பெயர். விஞ்ஞானம், கடவுள், சமையலறை, பஸ் நிறுத்தம் எல்லாம் அதில் வரும். எழுதும்போது அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. படிக்கிறவர்கள்தான் சிரிப்பார்கள். ஒரு தடவை இப்படி எழுதினான்: 'கடவுளுக்கு மனு போட்டவர் பதில் வராவிட்டால் பொறுமையாகக் காத்திருக்கிறார். எங்கள் வாரியத்துக்கு மனு போட்டவர் மறுநாளே வந்து மேஜையைத் தட்டுகிறார். இரண்டு இடத்திலும் பதில் வராததற்குக் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்.' இன்னொரு வாரம்: 'கருப்புப் பூனை குறுக்கே போனால் நாம் நின்றுவிடுகிறோம். நம்மைப் பார்த்துப் பூனையும் நின்றுவிடுகிறது. அது வீட்டுக்குப் போய் என்ன சொல்லிக்கொள்கிறது என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.'

தன் அக்காவையும் அவன் விட்டு வைக்கவில்லை. 'குடிக்கத் தகுந்தது என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பும் தண்ணீரை என் அக்கா கொதிக்கக் காய்ச்சித்தான் எனக்கே தருகிறாள். விஞ்ஞானத்தின் மேல் மக்களுக்குள்ள நம்பிக்கையை நான் தினமும் டம்ளரில் குடிக்கிறேன்.' அந்த வாரம் என் மனைவி பத்திரிகையை மடித்து அவன் தட்டுக்கு அடியில் வைத்துப் பரிமாறினாள். கோபமெல்லாம் இல்லை. காய்ச்சுவதையும் நிறுத்தவில்லை.

சாமி கும்பிடுகிறவர்களும் சிரித்தார்கள், கும்பிடாதவர்களும் சிரித்தார்கள். ஆனால் பத்திரிகையைத் தூக்கி நிறுத்தியது அவன் பத்தி இல்லை. ஏழாம் பக்கத்தில் வந்த வார பலன்தான். முதல் பக்கம் இல்லாமல் அனுப்பினாலும் என் வாசகன் கேட்க மாட்டான். ராசி பலன் இல்லையென்றால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவான். இது எனக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்தைப் பத்து வருடமாக எழுதி வந்த ஜோசியர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அச்சகத்தில் எல்லோரும் என் மச்சான் வாயைப் பார்த்தார்கள். "ரொம்ப சுலபமான ஜோக் அத்தான், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து வந்தான். அதுதான் அவன்.

திரும்பி வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். "மாப்ளே, அவர் எழுந்து வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்தை நீதான் பாத்துக்கணும்."

"நான் எழுதினா பொய் சொன்ன பாவம் வரும் அத்தான்."

"நீதான் பாவத்தை நம்பாதவனாச்சே."

"பாவத்தை நம்பலை. பொய்யை நம்பறேன்."

பரணில் கட்டி வைத்திருந்த பழைய இதழ்களை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல யோசனை வந்தாலும் கெட்ட யோசனை வந்தாலும் அவனுக்கு ஒரே வெளிச்சம்தான். "எழுத மாட்டேன். ஆனா பக்கம் நிறையறதுக்கு ஒரு வழி இருக்கு" என்றான்.

பழைய பத்திரிகைக் கட்டுகளை இறக்கச் சொன்னான். ஜோசியர் எழுதிய பலன்களை ராசிப் பெயர் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கத்தரித்தான். சதுரமான பழைய பிஸ்கட் டின் ஒன்று என் அலமாரியில் நட்டு, திருகாணி போட்டு வைத்திருந்தேன். அதைக் கொட்டிவிட்டுச் சீட்டுகளை உள்ளே போட்டான். ஜோசியரின் பத்து வருட எதிர்காலம் அந்த டின்னுக்குள் அடங்கிவிட்டது. மூடிக் குலுக்கி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை விட்டு ஒரு சீட்டு எடுப்பான். மேஷத்துக்குக் கீழே ஒட்டுவான். மறுபடி குலுக்கல். ரிஷபம். இப்படிப் பன்னிரண்டு. ஒட்டிய தாளை எங்கள் கம்போஸிங் அம்மாவிடம் கொடுத்தால் அவர் டைப் அடித்து ஏழாம் பக்கத்தில் வைத்துவிடுவார்.

"இதுல யாரோட மூளையும் கிடையாது அத்தான், என்னோடதும்தான். சுத்தமான குலுக்கல். கொஞ்ச நாள் பண்ணிப் பாப்போம். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்க மாட்டாங்க. அப்புறம் நானே என் பத்தியில போட்டு உடைக்கிறேன்."

அவன் சொன்னபடியே ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. 'முன்பைவிட இப்போது பலன்கள் துல்லியமாக இருக்கின்றன' என்று வாசகர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு போனுக்கும் என் மச்சான் மேஜையில் தலையை வைத்துக் குலுங்கிச் சிரித்தான்.

எங்கள் மெஷின்காரருக்கு ஓவர்டைம் என்று பெயர். வீட்டுக்குப் போகப் பிடிக்காத மனிதர், அதனால் நாங்கள் வைத்த பெயர். மெஷின் ஓடும்போதே ரோலரைத் துணியால் துடைப்பார். செய்யாதே என்று நான் கத்தாத நாளில்லை. ஒரு நாள் துணியோடு விரலும் உள்ளே போய்விட்டது. நகம் பெயர்ந்து, எலும்பு தெரிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவர் நேராக மெஷினிடம் போகவில்லை. டின் இருந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், எனக்கு ரிஷபம். அந்த வாரம் என்ன போட்டிருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. 'இயந்திரங்களிடம் கவனம் தேவை.'

என் மச்சான் பொறுமையாகத்தான் பேசினான். "ஊருல ரிஷப ராசிக்காரங்க எத்தனை ஆயிரம் பேர். அவங்க விரலெல்லாம் பத்திரமாத்தானே இருக்கு?"

"அவங்க மெஷின் ஓட்டலையே சார்."

"நீங்க ஓடற ரோலர்ல துணியை விட்டீங்க. அதான் காரணம்."

"தினமும்தான் விடறேன். அன்னிக்கு மட்டும் ஏன் பிடிச்சுது?"

என் மச்சான் டின்னின் மூடியைச் சரிசெய்தான்.

"ஜோசியர் எழுதினப்போ நான் பெரிசா நம்பினதில்லை சார்" என்று ஓவர்டைம் சொன்னார். "யாரு மேலயாவது கோவம்னா அந்தாளு ராசிக்கு மோசமா எழுதுவாரு, எனக்கே தெரியும். மனுஷன் எழுதினா மனுஷன் மனசு கலந்துரும். இந்த டின்னுல யாரு மனசு இருக்கு? அதுவும் எடுக்கறது நீங்க. உங்களுக்கு இதுல ஆசையும் இல்லை, பயமும் இல்லை."

அடுத்த வாரம் டின் மேஜையில் இல்லை. யாரோ அதைத் துடைத்து உயரமான பலகையில் வைத்திருந்தார்கள். கம்போஸிங் அம்மா அதற்கு முதுகு காட்டி உட்கார மாட்டேன் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சீட்டு எடுக்கும் வியாழக்கிழமை மதியம் யாரும் கதவை அடித்துச் சாத்துவதில்லை. சீட்டு உரசும் சத்தம் ஓயும்வரை மெஷினைக்கூட நிறுத்தி வைத்தார்கள். நான் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. வேலை நடந்தது, பேசாமல் இருந்தேன். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் நானும் என் அறையில் காகிதத்தைப் புரட்டாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஜோசியர் இறந்துபோனார். இடுப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சில் சளி கட்டி, ஒரே ராத்திரியில் போய்விட்டார். அவருக்கு மீன ராசி. அந்த வாரம் மீனத்துக்கு வந்திருந்த சீட்டு, 'நீண்ட பயணம் ஒன்று அமையும்.' என்றைக்கோ யாருக்கோ அவரே எழுதிய வரி. திரும்பி அவரிடமே வந்து சேர்ந்திருந்தது.

"தற்செயல்" என்றான் என் மச்சான். முன்பெல்லாம் இந்த வார்த்தையைப் பட்டென்று சொல்லுவான். அன்று கொஞ்சம் மெதுவாகச் சொன்னான். குலுக்கல் கதையை அந்த வாரமே எழுதி உடைத்துவிடுகிறேன் என்று நின்றான். நான்தான் விடவில்லை. ஜோசியர் செத்த சூடு ஆறுவதற்குள் இதைப் போட்டால் அச்சகத்துக்கு நெருப்பு வைத்துவிடுவார்கள். பத்திரிகை நடத்தத் தெரிந்தவன் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பான்.

அதற்கடுத்த மாதம் என் மனைவி குளித்துவிட்டு வரும்போது அக்குளில் ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். பட்டாணி அளவு. வலிக்கவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்து, "வலிச்சுதுன்னா நல்லாயிருக்கும்" என்றார். எனக்கு அது புரியவில்லை. என் மச்சானுக்குப் புரிந்தது, அவன் முகம் மாறியதிலிருந்து எனக்கும் புரிந்துவிட்டது. எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம், சின்ன ஆபரேஷன்தான், திங்கட்கிழமை வந்து படுத்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. என் மனைவி டீயைக் குடித்துக்கொண்டே ஏழாம் பக்கத்தைப் படித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "திங்கக்கிழமை போக வேண்டாம்னு இருக்கேன்" என்றாள்.

அவளுக்குத் தனுசு ராசி. நான் பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தேன். 'கூர்மையான பொருள்களிடமிருந்து விலகி இருக்கவும். உடலில் கத்தி படும் காரியங்கள் தள்ளிப்போவது நன்மையே.'

என் மச்சான் முதலில் சிரித்தான். "அக்கா, அது ஜோசியர் எந்தக் காலத்துலயோ எழுதினது. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு எடுத்தேன்."

"தெரியும். அதனாலதான்."

"எதனால?"

"நீயா யோசிச்சு எழுதியிருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன். அந்த ஜோசியர் எழுதியிருந்தாலும் கண்டுக்க மாட்டேன். இது யாரும் எழுதாம வந்தது."

"யாரும் எழுதாம வந்தா அதுக்கு அர்த்தமே கிடையாதுக்கா. அதைத்தானே நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"உனக்கு அப்படி. எனக்கு, யாரும் எழுதலைன்னா வேற யாரோ எழுதியிருக்காங்கன்னு அர்த்தம்."

"நான் பாஸ் பண்ற தண்ணியை மட்டும் காய்ச்சிக் குடிக்கறே?"

"தண்ணியை நீ கண்ணைத் தொறந்து பாக்கறே. ஏதாச்சும் விட்டுப்போகும்."

அவன் சிரிப்பு அங்கேயே நின்றது. நான் என் பங்குக்குச் சத்தம் போட்டேன். டின்னைத் தூக்கிக் குப்பையில் போடுகிறேன், அந்தப் பக்கத்தையே நிறுத்துகிறேன் என்றேன். என் சத்தத்துக்குக் கலங்காதவர்கள் ஊரிலேயே கிடையாது, அவளைத் தவிர.

"நிறுத்துங்க. அப்போ கடைசியா வந்த சொல்லு அதுதான்னு வச்சுக்குவேன். அதுக்கப்புறம் எந்தக் காலத்துலயும் போக மாட்டேன்."

"எப்போதான் போவே?"

"வேண்டாம்னு சொன்னதே வேணும்னு சொல்லட்டும். போறேன்."

ஆகவே டின்னை நிறுத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வியாழக்கிழமைகளுக்காகக் காத்திருந்தோம். தனுசுக்கு ஒரு வாரம் விருந்தினர் வருகை வந்தது. ஒரு வாரம் பழைய நண்பரைச் சந்திப்பீர்கள் என்று வந்தது. ஒரு வாரம் வாகன யோகம். "வாகனம்னா ஆம்புலன்ஸா இருக்கும்" என்றான் என் மச்சான், பழக்க தோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை. தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டான்.

டின்னுக்குள் வைத்தியத்துக்கு நல்ல வார்த்தை சொல்லும் சீட்டு எத்தனை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கத்தரித்தவன் அவன்தானே. அந்த ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒன்றிரண்டுதான். அதில் ஒன்று தனுசுக்கே வந்து விழ எத்தனை வருடம் ஆகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு என்னிடம் காட்டினான். எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. அவன் பென்சிலைப் பிடித்திருந்த விதம் புரிந்தது.

அதனால் அவன் ஒரு வாரம், வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணைத் திறந்துகொண்டு டின்னுக்குள் தேடினான். 'வைத்தியம் பலன் தரும்' என்ற சீட்டைப் பொறுக்கி எடுத்துத் தனுசுக்குக் கீழே ஒட்டினான். வெள்ளிக்கிழமை என் மனைவி அதைப் படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது தானா வந்ததா?"

நானாக இருந்தால் கண் சிமிட்டாமல் ஆமாம் என்றிருப்பேன். பிழைக்கத் தெரிந்தவன் அப்படித்தான் சொல்லுவான். அவன் சொல்லவில்லை. குழந்தையிலிருந்து அவளிடம் அவன் பொய் சொன்னதே கிடையாது, அவள் வளர்த்த லட்சணம் அது. தலையைக் குனிந்துகொண்டான்.

"சாப்பிடு" என்றாள் அவள். அவ்வளவுதான் பேச்சு.

அவள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் எனக்குக் கண் இருக்கிறது. வலது கையால் தூக்குகிற குடத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். துணி காயப்போடும்போது கையை முழுதாக உயர்த்துவதில்லை. ஒரு நாள் கொடியில் கிடந்த அவள் ரவிக்கைகளை என் மச்சான் எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றிலும் வலது கைப்பக்கம் தையல் பிரித்துத் தளர்த்தப்பட்டிருந்தது. இடது பக்கம் அப்படியே இருந்தது. ஒன்றை விரலில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். அந்த வாரம் 'சோதனைக் குழாய்' வரவில்லை. எழுத வரவில்லை என்றான். பத்து வருடத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் சோப்பு விளம்பரம் போட்டேன்.

அடுத்த வியாழன் மதியம் நான் மாத்திரையை மறந்துவிட்டு வந்ததால் என் மனைவியே அதை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தாள். அவள் அங்கே வருவது அபூர்வம், மை வாசனை அவளுக்குத் தலைவலி. உள்ளே நுழைந்தபோது ஓவர்டைம் மெஷினை நிறுத்தியிருந்தார். கம்போஸிங் அம்மா திரையைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மச்சான் மேஜைக்கு முன்னால் நின்றான். மேஷத்திலிருந்து விருச்சிகம் வரை ஒட்டியாகிவிட்டது. அடுத்தது தனுசு. டின் திறந்திருந்தது. அவன் கை டின்னுக்கு மேலே இருந்தது, உள்ளே போகவில்லை.

நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கை நடுங்கியது. கிருமி நிறைந்த பாட்டில்களை நாள் முழுக்கத் தொட்டு வேலை செய்கிற கை.

"எடு தம்பி" என்றாள் அவள்.

அவன் திரும்பவில்லை. "முடியலைக்கா."

"ஏன்?"

"இதைவிட மோசமா ஏதாச்சும் வந்துட்டா."

வெளியே தெருவில் ஒரு லாரி பின்னால் போகும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

"நீயே நம்பறியா?"

"நம்பலை." கையை எடுக்காமலே, "பயமா இருக்கு" என்றான்.

என் மனைவி மாத்திரைப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். அவன் நீட்டிக்கொண்டிருந்த கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். டின்னின் மூடியை எடுத்து, நான்கு மூலையிலும் அழுத்தி மூடினாள்.

"போதும். உன் கை கலங்கிருச்சு. இனிமே இதுல என்ன வந்தாலும் உன் பயம்தான் வரும். வேற யாரும் பேச மாட்டாங்க."

"அப்போ?"

"அப்போ என்ன? டாக்டர் நாளைக்கு இருப்பாரான்னு கேளு."

ஓவர்டைம் தலையை ஆட்டினார், அவர் எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வாரம் நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு அசையாதவள், அவன் கை நடுங்கியதற்கு அசைந்துவிட்டாள். கோபத்தோடேயே போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் கம்போஸிங் அம்மா கேட்டது காதில் விழுந்தது. "சார், தனுசுக்கு என்ன போடட்டும்?"

"ஒண்ணும் போடாதீங்க" என்றான் என் மச்சான்.

மகரம், கும்பம், மீனத்துக்குப் பழைய இதழ் ஒன்றைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார்கள். தனுசு என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் வெள்ளையாக விட்டு, பத்திரிகை அச்சாகி ஊருக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து போன் நிற்கவில்லை. மற்ற பதினோரு ராசிக்கும் எதிர்காலம் இருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். ஒரு ஆள் கேட்கவே இல்லை, மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் என் மச்சானும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, தோளில் துண்டு, கையில் நான்காக மடித்த பத்திரிகை. என்னுடைய பத்திரிகை என்று தூரத்திலிருந்தே தெரியும், வேறு யாரும் அந்தத் தரத்துக் காகிதம் போடுவதில்லை. அவர் அதைப் பிரிப்பதும் ஏழாம் பக்கத்தைப் பார்ப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். கடைசியில் எங்கள் பக்கம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க. தனுசுக்கு ஏன் ஒண்ணுமே போடலை? என் பொண்ணு உள்ள இருக்கா. அவளுக்குத் தனுசு."

நான் பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் மச்சான் பேசிவிட்டான்.

"அச்சுப் பிழைங்க. வேற ஒண்ணும் இல்லை."

அவன் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதுவும் என் அச்சகத்தின் மேல் பழியைப் போட்டு.

"பிழையா? நல்லாத் தெரியுமா?"

"நான் அந்தப் பத்திரிகையில எழுதறவன்தான். விஞ்ஞானம் எழுதறேன்."

அவர் முகம் தெளிந்தது. "நீங்கதானா சார்? பூனையைப் பத்தி எழுதினீங்களே. அப்போ சரி. ஜோசியக்காரன் சொன்னா யோசிக்கணும், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என் மச்சான் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் வெளியே வந்தபோது எழுந்தோம். கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார். "கட்டியை எடுத்தாச்சு. பக்கத்துலயே இன்னும் ரெண்டு மூணு இருந்துது, அதையும் எடுத்திருக்கோம். சோதனைக்குப் போயிருக்கு." கையுறையைத் தொட்டியில் போட்டார். "முதல்ல சொன்ன தேதிக்கே வந்திருந்தா ஒண்ணு மட்டும்தான் இருந்திருக்கும்."

அவர் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. தண்ணீரில் என்ன இருந்தது என்று என் மச்சான் எழுதுவது போலத்தான் சொன்னார். சோதனையில் என்ன வந்தது என்பது பின்னால் தெரிந்தது. கெட்ட கட்டிதான். மருந்து ஏற்றுகிறார்கள், தலைமுடி கொட்டிவிட்டது, ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள். அவள் ஏன் முன்பே வரவில்லை என்று நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. ஆனால் அன்று தாழ்வாரத்தில் நிற்கும்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே என் மச்சான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் போனபின் அந்த மனிதர் அவன் பக்கத்தில் நகர்ந்து வந்தார். உள்ளே இருந்து அவருக்குச் சேதி சொல்ல இன்னும் யாரும் வரவில்லை. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் என் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணுக்கு நல்லபடியா முடிஞ்சிரும்ல சார்? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

என் மச்சான் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியலைங்க" என்றான்.

அவர் கையை விடவில்லை.